கொட்டாஞ்சேனை அரபு வீட்டுக்காரியும் ஐந்து விதைப் பானைகளும்

என் பேத்தி ரஜனி கல்கிசையில் ஒரு பயிற்சி நிலையத்தில் படிப்பிக்கிறாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கான நிலையம். போன கிழமை அங்கே சுவர் அளவுக்கு ஒரு திரை பூட்டியிருக்கிறார்களாம். திரையைத் தொட்டால் ஒரு அரபு வீடு வருமாம். அதற்குள் ஒரு வீட்டுக்காரி வந்து, "தேநீர் கொண்டு வா" என்று அதட்டுவாளாம்.

"அம்மம்மா, உங்கட காலத்தில இதையெல்லாம் எப்பிடிப் படிப்பிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் திரைக்குள் இருக்கிறவள் வேறு யாருமில்லை, நான்தான். பத்தொன்பது வருஷம் நான்தான் அந்த வீட்டுக்காரி. அப்போது திரை இல்லை, சோபா இருந்தது.

எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. நான் சொல்ல ரஜனி எழுதுகிறாள். என் பேச்சை அச்சுத் தமிழுக்கு மாற்று, ஆனால் மற்ற ஆட்கள் கதைத்ததில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் கதைத்ததுதான் ருசி.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. குவைத்துக்குப் போனேன், இரண்டு வருஷம் துடைத்தேன், வந்தேன். போகும்போது நாட்டில் சண்டை தொடங்கவில்லை. வரும்போது தொடங்கியிருந்தது. கொட்டாஞ்சேனையில் என்னை அனுப்பிய ஏஜென்சிக்கே ஒரு நன்றி சொல்லப் போனேன். ஏஜென்சிக்காரர் அல்போன்ஸ் சேர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு நல்ல குரல். நாளைக்கு வாங்கோ" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகப் பரீட்சை.

சேரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கழுத்துப்பட்டி இல்லாமல் நான் அவரைக் கண்டதே இல்லை. கரண்ட் நின்று விசிறி ஓடாத நாளிலும் கட்டியிருப்பார். தொலைபேசி மணி அடித்தால் உடனே எடுக்கமாட்டார். முதல் மணிக்குச் சீப்பை எடுப்பார், இரண்டாம் மணிக்குத் தலை வாருவார், மூன்றாம் மணிக்குத்தான் கை வைப்பார். "உடன எடுத்தா வேலையில்லாத ஒபிஸ் எண்டு நினைப்பினம், அக்கா." எடுத்தபின் யார் என்ன சொன்னாலும் ஒரு நீலக் கொப்பியில் குறிப்பார். யார், என்ன விஷயம், அவசரமா இல்லையா. இந்த மூன்றுக்குள் அடங்காத செய்தி உலகத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை.

ஏஜென்சி ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முன் பாதி ஒபிஸ். பின் பாதி குவைத்.

குவைத்தில் ஒரு சோபா, ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு உடுப்புத் தோய்க்கும் மெஷின், ஒரு தூசி இழுக்கும் மெஷின், குளிப்பாட்டிப் பழக ஒரு பிளாஸ்டிக் குழந்தை. குளிர்ப்பெட்டிக்குள் பாஸ்போர்ட்டுகள் இருக்கும். பூட்டு இருந்த பெட்டி அது ஒன்றுதான். தோய்க்கும் மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. பெண்கள் மூடியைத் திறப்பார்கள், உடுப்புப் போடுவது போலக் கையை ஆட்டுவார்கள், பொத்தானை அமத்துவார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து "ஊம்ம்ம்" என்று சத்தம் போடுவார்கள். சத்தம் நின்றதும் உடுப்பு வெளுத்துவிட்டதென்று நாங்கள் ஏற்றுக்கொள்வோம். தூசி இழுக்கும் மெஷின் வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஓடும். மற்ற நாட்களில் குவைத்தில் தூசி இல்லை.

என் வேலை கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, பொட்டை அழித்துவிட்டு, சோபாவில் கால் நீட்டி இருந்து அதிகாரம் செய்வது. சேர் கதவோரம் நின்று திருத்துவார்.

"அக்கா, இன்னும் கோபமாக் கத்துங்கோ."

"நான் வேலை செய்த வீட்டு மனுசி கத்தவே மாட்டா சேர். பல்லுக்கொதி வந்த அண்டும் மெல்லமாத்தான் கதைச்சவ."

"அது அவவின்ர பிழை. நாங்கள் ஸ்டாண்டர்டுக்குப் பழக்கோணும்."

கத்தினேன். நல்ல சுகமான வேலை, பொய் சொல்லக் கூடாது. வீட்டில் என் சத்தத்தை யாரும் கேட்பதில்லை.

நான் அப்போது பாமன்கடையில் இருந்தேன். கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போகும்போது எத்தனை இடத்தில் இறக்கிப் பையைக் கிண்டுவார்கள் என்று சொல்ல முடியாது. என் பைக்குள் கறுப்பு அங்கி. ஒருநாள் ஒரு பொலிஸ்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "மொகத மே?" என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார். வேஷம் மாற்றிக் குண்டு வைக்கப் போகிறவள் என்று நினைத்திருப்பார்.

"மகே ரஸ்ஸாவ, மாத்தயா" என்றேன். என் தொழில் ஐயா என்று.

"மொன ரஸ்ஸாவத?" என்ன தொழிலாம்.

"அராபி நோனா" என்றேன். அரபு வீட்டுக்காரி. நெற்றியில் பொட்டு, கையில் சாப்பாட்டுப் பெட்டி. அவர் என்னை அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தார். கடைசியில் அங்கேயே அங்கியைப் போட்டு அவரைப் பார்த்து இரண்டு அதட்டல் போட்டுக் காட்டினேன். விட்டுவிட்டார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால், "நோனா, தே எகக் கேன்னத?" என்று கேட்பார். தேநீர் கொண்டு வரவா என்று. என் வேலையைச் சரியாக விளங்கிக்கொண்ட முதல் அரசாங்க ஊழியர் அவர்தான்.

எங்களிடம் வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டம் செய்தவர்கள். மண்ணில் விரலை வைத்தாலே இன்றைக்குத் தண்ணீர் விடலாமா நாளைக்கு விடலாமா என்று சொல்லக்கூடிய கைகள். அந்தக் கைகளுக்கு நாங்கள் கண்ணாடி மேசையில் விரல் அடையாளம் படாமல் துடைக்கப் பழக்கினோம். பழகிப் போனார்கள். திரும்பி வரும்போது தங்கச் சங்கிலியோடு வந்து சேரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து போன செல்வி என்ற பெண் நாலு வருஷம் கழித்து வந்தாள். லயத்து வீட்டுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியைப் பற்றி முன்பு ஓயாமல் சொல்வாள். அதனால் விசாரித்தேன்.

"அங்க இப்ப டிவி அன்டெனா நிக்குதுக்கா. படம் ரொம்ப தெளிவா வருது."

"அப்ப லீக்ஸ்?"

"டவுன்ல வாங்கிக்கிறோம். அங்கயிருந்து தான் முன்னாடி எங்ககிட்ட வாங்க வருவாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஏஜென்சியில் முதல் வேலை போர்ம் நிரப்புவது. சேர் கேட்பார், பெண்கள் சொல்வார்கள். தொழில் என்ற இடத்தில் எல்லோரும் ஒரே பதில்: "சும்மா வீட்டில இருக்கிறன்." கணவரின் தொழில்? "விவசாயம்." சேர் அழகான எழுத்தில் மனைவிக்கு 'இல்லை' என்றும், கணவருக்கு 'விவசாயி' என்றும் எழுதுவார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை, தவமணி வரும் வரைக்கும்.

தவமணி வவுனியாவுக்கு அங்கால் ஒரு சின்னக் கிராமம். மெலிந்த பிள்ளை, நடை மட்டும் வேகம். அந்த நேரம் வவுனியாவில் இருந்து கொழும்புக்கு வர ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். ஒரு மாதப் பாஸில் வந்திருந்தாள். தொழில் கேட்டதற்கு அவளும் "சும்மா இருக்கிறன்" என்றுதான் சொன்னாள். புருஷன் குணம், விவசாயி. அவர்களுடைய வயலுக்குப் பக்கத்தில் ஆமி முகாம் வந்ததால் வயலுக்குள் யாரும் இறங்க முடியாது. ஆகவே விவசாயி வாய்க்கால் மதவடியில் இருந்து மற்ற விவசாயிகளோடு அரசியல் கதைத்தார். சும்மா இருந்தவள் வீட்டு வளவுக்குள் கத்தரியும் மிளகாயும் தக்காளியும் போட்டு நாலு பேருக்குச் சோறு போட்டாள். கோடையில் கிணறு வற்றுகிறது. அதை ஆழமாக்கி ஒரு பம்ப் பூட்டத்தான் குவைத் போக வந்தாள். வளவைக் காப்பாற்ற வளவை விட்டுப் போகிறாள்.

அவள் வந்த மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது. சேர் சீப்பை எடுத்தார், வாரினார், எடுத்தார். கேட்டுக்கொண்டே கொப்பியில் எழுதினார். வைத்துவிட்டு வாசித்தார்.

"வவுனியா, குணம். கத்தரி விதை எந்தப் பானை. அவசரம்." என்னைப் பார்த்தார். "அக்கா, இது என்ன கேஸ்?"

தவமணி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டாள்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் விதைப் பானையை வீட்டுப் பெண்தான் தொடுவாள். ஆம்பிளைகள் கிட்டவும் போகமாட்டார்கள். பானைக்குள் சாம்பல், சாம்பலுக்குள் விதை. ஐந்து பானை: இரண்டு மிளகாய், இரண்டு கத்தரி, ஒரு தக்காளி. பானையில் ஒரு அடையாளமும் இல்லை. சுவரோரம் எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் அடையாளம். அந்த விதைகள் எல்லாம் சாம்பல் பூசினால் ஒன்று போலத்தான் தெரியும். தவமணி வீட்டுக்குள் இருட்டான குளிர்ந்த மூலையில் வரிசையாக வைத்துவிட்டு, புருஷனுக்கு வரிசையைப் பாடமாக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். குணம் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் செய்திருக்கிறார். குவைத்தில் இருந்து டிவி வரும்தானே, அதற்கு இடம் வேண்டுமே. அந்த மூலையைத் துப்புரவாக்கிப் பானைகளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தகரக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டார்.

"தகரத்துக்குக் கீழயோ! விதை அவிஞ்சு போயிருக்கும், அக்கா" என்றாள் தவமணி. "புரட்டாசி முடியிறதுக்குள்ள நாத்துமேடை போடோணும். உயிர் இருக்கோ தெரியாது, எது எதெண்டும் தெரியாது. வெள்ளைக் கத்தரி என்ர அம்மா தந்தது. அதைப் பள்ளத்தில வைச்சா முதல் மழைக்கே வேர் அழுகிப் போம். ஊதாக் கத்தரிதான் தண்ணி தாங்கும். அந்த மனுசன் மாத்தி வைச்சா ரெண்டும் போச்சு. பிறகு நான் கிணறு வெட்டி ஆருக்கு?"

அடுத்த நாளும் குணம் தொலைபேசி எடுத்தார். அதற்கடுத்த நாளும். பட்டணத்துக்குச் சைக்கிளில் வந்து, வரிசையில் நின்று எடுக்கிறார் பாவம். நீலக் கொப்பி நிறைந்தது. 'சாம்பல் கறுப்பா வெள்ளையா, அவசரம்.' 'ஆடு கொட்டிலுக்குள் போய்விட்டது, அவசரம்.' 'ஆடு வெளியே வந்துவிட்டது, அவசரமில்லை.' சேர் முதலில் எரிச்சல்பட்டார். ஒரு கிழமை போக, குணம் எடுக்காத நாளில், "என்ன அக்கா, விவசாயியைக் காணேல்லை?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

தவமணி ஒரு வழி சொன்னாள். பானைகளில் கரியால் கோடு போட வேண்டும்: முதல் பானைக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு, அப்படியே ஐந்து வரை. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் துணியில் கட்டி, கோட்டின் எண்ணிக்கைக்கு முடிச்சுப் போட்டு, கொழும்புக்கு வரும் லொறிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் ஈரத்தில் முளைக்க வைத்துப் பார்ப்பாள். உயிர் இருந்தால் முளைக்கும், முளையைப் பார்த்தால் எது என்று அவளுக்குத் தெரியும். குணம் இதைச் சரியாகச் செய்தார். கோடு போடுவதில் அவர் கெட்டிக்காரர்.

எங்கே முளைக்க வைப்பது? பெண்கள் தங்கிய அறையில் எலி. ஒபிஸில் சேர். கணகணப்பாக, இருட்டாக, மூடி போட்ட இடம் வேண்டும். நான்தான் சொன்னேன்: "பிள்ளை, தோய்க்கிற மெஷினுக்குள்ள வை. குவைத்தில தண்ணியே வராத இடம் அது ஒண்டுதான்." ஐந்து ஈரத் துணிப் பொட்டலம் உள்ளே போயிற்று. காலையும் மாலையும் தவமணி மூடியைத் திறந்து தண்ணீர் தெளிப்பாள். சேர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைதான் பெஸ்ட் கேண்டிடேட். மெஷினை விட்டு அசையுதில்லை" என்று புகழ்ந்தார்.

விதை வைத்த எட்டாம் நாள் காலை சோதனைச் சாவடியில் என்னை வைத்திருந்துவிட்டார்கள். ஓடி வந்து பார்த்தால் குவைத்தில் விருந்தாளி. அசல் குவைத்தில் இருந்து ஆள் தெரிவு செய்ய வந்த ஏஜென்சிக்காரர். கல்கிசை ஹோட்டலில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். சேர் அங்கியை என் தலையில் மாட்டி, சோபாவில் இருத்திவிட்டார். அப்போதுதான் பார்த்தேன். குளியலறையில் இருந்து தோய்க்கும் மெஷினுக்கு, சேர் அவசரத்தில் கீழ்க் கடையில் வாங்கிப் பூட்டிய ஒரு புதுப் பச்சைக் குழாய் போயிருந்தது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குவைத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, அதுவும் அன்றைக்கு.

"தவமணி, சேருக்கு வோஷிங் மெஷின் போட்டுக் காட்டுங்கோ" என்றார் அல்போன்ஸ் சேர்.

தவமணி மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். பொத்தானை அமத்தினால் வீசா. அமத்தினால் அம்மாவின் வெள்ளைக் கத்தரியும் சேர்ந்து கழுவுப்படும். கை மேலே போனது, இறங்கியது. மற்றப் பெண்கள் பழக்க தோஷத்தில் "ஊம்ம்ம்" என்று தொடங்கிவிட்டார்கள்.

"பிரஸ் பண்ணுங்கோ பிள்ளை."

அவள் அசையவில்லை. சேர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே, தானே அமத்தக் கையை நீட்டினார்.

நான் எழும்பினேன். "கலாஸ்!" என்று ஒரு சத்தம் போட்டேன். போதும், நிறுத்து என்று அர்த்தம். கீழே இரும்புக் கடையில் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் கூட நிறுத்திவிட்டார்களாம். ஓடிப் போய்ச் சேரின் கையில் ஒரு அடி வைத்தேன். அரபு வீட்டுக்காரி அடித்தால் ஏஜென்சிக்காரர் என்ன செய்ய முடியும்? கையை எடுத்துவிட்டார். தவமணி மூடியைத் திறந்து, ஐந்து பொட்டலத்தையும் எடுத்து, அயர்ன் பண்ணும் பலகையில் வரிசையாக வைத்து அவிழ்த்தாள். விருந்தாளி இருப்பது, வீசா, சேர், எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"அக்கா! முளைச்சிருக்கு! இஞ்ச பாருங்கோ, இந்தத் தண்டு ஊதா. இது வெளிர்ப் பச்சை, இதுதான் அம்மான்ர வெள்ளைக் கத்தரி! மூண்டு முடிச்சு!"

விருந்தாளி இங்கிலீசில் ஏதோ கேட்டார். சேரின் நெற்றியில் வியர்வை. ஆனால் அவர் சேர் அல்லவா? மெல்லிய துணிகளை மெஷினில் போடக் கூடாது, கையால்தான் பிரித்துத் தோய்க்க வேண்டும் என்று இந்தப் பெண் காட்டுகிறாள் என்று இங்கிலீசில் விளக்கினாராம். விருந்தாளி தலையை ஆட்டிவிட்டு முதல் பெயராகத் தவமணியைத் தெரிவு செய்தார். என்னைப் பார்த்து, "இவர் எந்த நாட்டுக்காரர்?" என்றும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் படி இறங்கியதும் சேர் எங்கள் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்க, தொலைபேசி அடித்தது. சீப்பு, தலை, மூன்றாம் மணி.

"ஓம் குணம், சொல்லுங்கோ" என்றார். பிறகு பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தவமணி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் போனில் ஒப்புவித்தார். "எழுதிக்கொள்ளுங்கோ. ஒரு கோடு நீட்டு மிளகாய். ரெண்டு கோடு ஊதாக் கத்தரி, பள்ளத்தில. மூண்டு கோடு வெள்ளைக் கத்தரி, கிணத்தடி மேட்டில. மேட்டில, குணம், மேட்டில! நாலு கோடு குட்டை மிளகாய். அஞ்சு கோடு தக்காளி, அது அவிஞ்சு போச்சு. ஓம், நீங்கள்தான் அவிச்சது."

பத்து நாள் போனது. பாஸ் முடிய மூன்று நாள். தவமணியின் கடைசிப் போர்மைச் சேர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். அவள் சந்தோஷமாக இல்லை.

"என்ன பிள்ளை யோசினை?"

"நாத்துப் பிடுங்கி நடோணும் சேர். இடைவெளி விடோணும். பூச்சி பாக்கோணும். அதை ஆர் அந்த மனுசனுக்குச் சொல்லிக் குடுக்கிறது? ரெண்டு வருஷம் போனிலயோ?"

சேர் நீலக் கொப்பியைப் புரட்டினார். பக்கம் பக்கமாக வவுனியா, குணம், அவசரம். பிறகு பேனாவை எடுத்துப் போர்மில் ஏதோ எழுதினார். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் வழமையாக 'இல்லை' என்று எழுதுகிற இடத்தில் அவர் கை கொஞ்சம் நீளமாக ஓடியதைக் கண்டேன்.

குவைத் ஏஜென்சிக்குப் பாக்ஸில் போன போர்ம் அடுத்த நாளே திரும்பி வந்துவிட்டது. இந்த விண்ணப்பகாரி விவசாயி என்று இருக்கிறது, எங்களுக்கு வீட்டு வேலைக்குத்தான் ஆள் வேண்டும் என்று. சேர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "கிளரிக்கல் மிஸ்டேக்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் போர்மில் எழுதிய ஒரே உண்மை அதுதான். அதைத்தான் மிஸ்டேக் என்றார்.

தவமணி ஊருக்குப் போனாள், நாற்று நடும் நேரத்துக்கு. ஆனால் கிணறு? அதற்கும் சேரே வழி கண்டார். அடுத்த மாதம் அசல் குவைத்தில் பெரிய மாளிகைத் தோட்டம் ஒன்றுக்கு ஆள் கேட்டு வந்தது. "போர்மில விவசாயி எண்டு இருக்கிற ஒரு ஆம்பிளை எங்களிட்ட இருக்கிறார்தானே, அக்கா?"

லொறிக்காரரிடம் கேட்டு அனுப்பினோம். தவமணியின் பதில் உடனே வந்தது: "அவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. நல்ல மனுசன். வளவுக்குள்ள கால் வைக்காமல் இருந்தாக் காணும்."

குணம் போனார். என்னிடமும் மூன்று கிழமை பயிற்சி எடுத்தார். நான் கத்தினால் உண்மையாகவே பயப்படுவார். நல்ல மாணவர்.

போய் ஒரு மாதம் இருக்கும். தொலைபேசி அடித்தது. சேர் சீப்பை எடுத்தார், வாரினார், மூன்றாம் மணிக்கு எடுத்தார். கொப்பியில் எழுதி வாசித்தார்: "குவைத், குணம். தோட்டத்தில் பூ எல்லாம் உதிர்கிறது, என்ன செய்ய. அவசரம்."

தவமணியின் ஊரில் தொலைபேசி இல்லை. செய்தி லொறியில் போனது. ஐந்தாம் நாள் அதே லொறியில் பதில் வந்தது, ஒரு பை வெள்ளைக் கத்தரிக்காயோடு. சேர் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, குணம் மறுபடி எடுத்தபோது ஒரு சொல் விடாமல் வாசித்தார்:

"தண்ணியைக் குறைக்கட்டாம். அதோட, அங்க எந்தப் பானையையும் இடம் மாத்தி வைக்க வேண்டாமாம்."